கேட்டவனுக்கு ஒரு மனை

"அய்யா, அந்த மனை எடம்..." என்று வாயைத் திறந்தான் கூத்தையா.

"மூச்!" என்றார் உபதேசியார் மாசிலாமணி. "வந்ததும் வாயா? சாலொமோன் ராசா ஆண்டவர்கிட்ட என்ன கேட்டான்? கேக்குற இருதயத்தைக் கேட்டான். ஞானம் தானா வந்துச்சு. கேட்டவனுக்குக் கெடைக்கும்னு வேதத்துலயே போட்டிருக்கு. மொதல்ல உக்காந்து கேளு."

உச்சிப்புளிப் பக்கத்துச் சபையில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு வீட்டுமனை. உபதேசியாரிடம் முதலில் கேட்கிற ஏழைக்குக் கொடுத்துவிடும்படி தலைமைப் பாதிரியாரான பெரிய ஐயர் சொல்லியிருந்தார். கூத்தையாவின் குடிசையோ பண்ணையார் வயலோரத்தில் நின்றது. வைகாசிக்குள் பிரித்துக்கொள்ள வேண்டுமென்று உத்தரவு.

கூத்தையா உட்கார்ந்து கேட்டான். இரண்டு மணி நேரம்.

"கேட்டீகளா?" என்றாள் மனைவி பூமயில்.

"கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"நெறையச் சொன்னாரு."

மறு ஞாயிறு முன்வரிசைக்குப் போனான். ஆள் கிடைத்த உற்சாகத்தில் பிரசங்கம் இன்னும் நீண்டது. கேட்டது போதவில்லையோ என்று புதன்கிழமை ஜெபக் கூட்டத்துக்கும் போனான். கதிர் அறுப்பு வேலை போயிற்று. உபதேசியார் பூரித்துப்போய் அவனைச் சபை நடுவே எழுப்பி நிறுத்தி, "கேக்குறதுல எல்லாருக்கும் கூத்தையாதான் முன்மாதிரி!" என்றார். அதற்குப் பிறகு வாயைத் திறக்க அவனுக்கே கூச்சமாகிவிட்டது.

"கூரையப் பிரிக்க ஆளு வந்து நிக்கிது! இன்னுமா கேக்கல?" என்று கத்தினாள் பூமயில்.

"ஏ புள்ள, என்னைய மாதிரி ஒருத்தனும் கேக்கலன்னு அய்யாவே சொல்லிட்டாரு!"

வைகாசியில் பெரிய ஐயர் வந்தார். மனைப் பத்திரம், ஊருக்குப் புதிதாக வந்திருந்த ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் கைக்குப் போனது. கூத்தையா உபதேசியாரிடம் ஓடினான்.

"அய்யா, மூணு மாசமாக் கேட்டேனே!"

"நீ எங்கப்பா கேட்டே? சும்மால்ல உக்காந்திருந்தே!" என்றார் மாசிலாமணி, மிகுந்த வருத்தத்தோடு. "வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?"

ஞானம் முற்றிப்போய் வாசலில் நின்றான் கூத்தையா. முற்றம் கூட்டிக்கொண்டிருந்த உபதேசியார் வீட்டு வேலைக்காரி மீனம்மாள் நிமிராமலே சொன்னாள்:

"வெள்ளைச் சட்டை நம்ம உபதேசியாரு மச்சினன்தான், கொழும்புல இருந்து கப்பலேறி வந்து சேர்ற வரைக்கும் ஒங்க வாயை வேற எதை வச்சு அடைக்கிறதாம்?"