காசி வரைக்கும் உடைந்தது

டொக், டொக். யாராவது தேங்காயை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தால் இன்றும் என் தோள்கள் காதுவரைக்கும் ஏறிவிடும்.

அப்போது எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதற்குப் பிறகும் நான் வேலைக்குப் போகலாமா என்பதுதான் நிச்சயமாகவில்லை. அதைத் தீர்மானிக்க, காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் ஆலை வைத்திருந்த வருங்கால மாமனாரே சரவணம்பட்டி தாண்டியிருந்த நான் வேலைபார்த்த கண்ணாடி இழைத் தொழிற்சாலைக்கு வந்துவிட்டார். "பொண்ணு அப்படி என்னதான் பண்ணுதுன்னு பாத்துப்போட்டுச் சொல்றேனுங்க" என்று அப்பாவிடம் சொல்லியிருந்தாராம்.

வேட்டிக்கு மேல் வெள்ளை அங்கி, தலைக்குத் தொப்பி, கைக்கு உறை மாட்டி உள்ளே அழைத்துப்போனேன். ஆள் உயரத்துக்குத் தொங்கியது அது. சுழலும் தண்டின்மேல் தீச்சுவாலை ஊதி ஊதிப் படலம் படலமாகப் படியவிட்ட கண்ணாடித் தூள். மேகத்தை நட்டுவைத்ததுபோல இருக்கும். (அந்த வயதில் எனக்கு எல்லாமே மேகம்தான்.) உலையில் வைத்தால் சுருங்கித் தெளிந்த கண்ணாடியாகும். அதை உருக்கி இழுத்தால் தலைமுடி மெலிவில் இழை. அதற்குள்தான் ஊர் உலகத்தின் போன் பேச்செல்லாம் ஒளியாக ஓடும்.

"இது கண்ணாடியா கண்ணு? சுண்ணாம்பாட்டம் இருக்குது."

"இன்னும் ஆகலைங்க மாமா. இப்ப உள்ளே முக்காவாசி காத்துதானுங்க" என்றேன் பெருமையாக.

தேங்காய்க்காரரிடம் சொல்கிற சொல்லா அது? தலையைச் சாய்த்துக் காதைப் பக்கத்தில் கொண்டுபோனார். விரல் மடங்கியது. கத்தியிருக்கலாம். வருங்கால மாமனாரிடம் எப்படிக் கத்துவது? "ஏனுங்க மாமா, நீங்க தப்பா நெனைக்கலைன்னா..." என்று ஆரம்பித்தேன். மரியாதை முடிவதற்குள் டொக், டொக்.

ஒரு விரிசல் அவசரமே இல்லாமல் மேலே ஏறியது. பிறகு பாதி மேகம் எங்கள் காலடியில் கொட்டியது. மாவு மில்லிலிருந்து வந்தவர்கள்போல நின்றோம்.

மேனேஜர் ஓடி வந்தார். கோபத்திலும் 'ங்க' விடாத மனிதர். "இதை இழையா இழுத்திருந்தா காசிக்குப் போய்த் திரும்பியே வந்திருக்குமுங்க."

(இன்றும் எங்கள் வீட்டில் டம்ளர் உடைந்தால், "எதுவரைக்கும் போச்சு?" என்றுதான் கேட்பார்கள். "ஈரோடுதான்" என்று பதில் வரும்.)

அன்று மாமா வேட்டியில் ஒட்டிய தூளைத் தட்டிக்கொண்டே வாசல்வரை நடந்தார். பெருக்கித் தள்ளிய தூளோடு என் வேலையும் போயிற்று என்றே நினைத்தேன். காரில் ஏறியவர், அதன் கண்ணாடியைப் பயந்து பயந்து இறக்கினார்.

"காசி வரைக்கும் ஒடைச்சுப்போட்டேன் கண்ணு. கல்யாணம் முடிஞ்சதும் வேலைக்கு வந்துரோணும். நான் ஒடைச்சதை வேற ஆரு செய்வா?"