எண்பத்தேழரையில் பேசிய மாப்பிள்ளை

பாட்டுப் போடுவதற்காகவே வேன் ஓட்டிய மனிதரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். பார்த்தது மட்டுமா, வருஷக்கணக்கில் அந்த வேனில் போய்வந்து என் இடது காது இன்றைக்கும் கொஞ்சம் மந்தம்தான். காது டாக்டர் காரணம் கேட்டபோது, "கனெக்ஷன்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. றக்வானையில் யாரிடம் சொல்லியிருந்தாலும் உடனே விளங்கியிருக்கும்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். டிரைவிங் லைசன்ஸைப் பார்த்த பொலிஸ்காரர்களுக்கு அது தெரிந்திருக்கலாம். மற்ற எல்லோருக்கும் அவர் கனெக்ஷன் அண்ணன். நான் இலங்கை மலைநாட்டில் அந்த றக்வானை டவுனில் அறை எடுத்துத் தங்கி, மலைமேல் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். சுனாமிக்கு அடுத்த சில வருஷங்கள். காலையில் மேலே போக இருந்தவை இரண்டு: நேரத்துக்கு வராத பஸ், நேரத்துக்கு வந்தாலும் நேரத்துக்குப் போய்ச்சேராத கனெக்ஷன் அண்ணன் வேன்.

வேனில் இருந்தது பழைய கேசட் செட். ஊரெல்லாம் எம்.பி.த்ரீ பிளேயர் வந்துவிட்ட காலம். மத்தியகிழக்குக்கு வேலைக்குப் போன பெண்கள் வரும்போது கொண்டுவந்து, தம்பிமார் கழுத்தில் தாலி மாதிரித் தொங்கவிட்டிருந்தார்கள். கனெக்ஷன் அண்ணன் வால் முளைத்த ஒரு கேசட்டைச் செட்டுக்குள் தள்ளுவார். வாலின் நுனியைப் பிளேயரில் செருகுவார். பாட்டு வரும், ஆனால் முழுதாக வராது. அந்த ஒயரில் எங்கோ ஒரு வெடிப்பு. இடது வளைவில் பாடகர் மட்டும் பாடுவார், வலது வளைவில் மேளம் மட்டும் கேட்கும். நேர் ரோட்டில் இரண்டும் சேரும். எங்கள் மலையில் நேர் ரோட்டுக்கு எங்கே போவது? அந்த வருஷத்துப் பாட்டுகளையெல்லாம் நான் பாதிப் பாதியாகத்தான் அறிவேன்.

போதாததற்கு, பாட்டுப் போட்டுக்கொண்டே சார்ஜும் போட்டால் ஸ்பீக்கரில் "ஙொய்ய்ங்" என்று ஒரு சத்தம் வரும். அவர் அக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க அதுவும் ஏறும்.

"அண்ணே, என்னங்க இது, கொசு பாடுற மாதிரி?"

"சுருதிப்பெட்டி டீச்சர். பாட்டுன்னா சுருதி வேணாமா?"

சண்டை பிடிக்க நான் தயார்தான். ஆனால் பின்சீட்டில் கோழியோடு உட்கார்ந்திருந்த பெரியவர், "ஆமாம்மா, சுருதி சுத்தமா இருக்கு" என்று சாட்சி சொன்னார். என்ன செய்ய?

சார்ஜ் விஷயம் அதைவிடப் பெரிய கூத்து. தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயங்களில் கரண்ட் இருந்தும் இல்லாத மாதிரி. ஒரு இடி இடித்தால் மூன்று நாளைக்கு மண்ணெண்ணெய் விளக்குதான். ஆகையால் காலையில் வேன் நின்ற இடமெல்லாம் ஆட்கள் போனையும் பிளேயரையும் ஜன்னல் வழியாக நீட்டுவார்கள். சிகரட் பற்றவைக்கும் ஓட்டை ஒன்றுதான். அதிலிருந்து இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிச் சுற்றி அவர் எத்தனை கிளை பிரித்தார் என்று அவருக்கே கணக்கில்லை. டேஷ்போர்ட்டைப் பார்த்தால் இடியப்பத்தைத் தட்டோடு கவிழ்த்த மாதிரி இருக்கும். யாருடையது எது என்பதற்கு ஒவ்வொன்றிலும் ஒரு கம்பளி நூல். என் போனுக்கு ரோஸ் நூல். கணக்கப்பிள்ளை ஐயாவின் போனுக்கும் ரோஸ் நூல். ஒரு நாள் முழுக்க அவருடைய சம்சாரத்துக்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சார்ஜைப் பற்றி அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. இஞ்சின் முக்கினால்தான் கரண்ட் ஊறுமாம். "ஏத்தத்துல சார்ஜ், எறக்கத்துல பாட்டு." ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் வேன் நிற்காமல் மேலே போனது.

"அண்ணே! ஸ்கூல்! ஸ்கூல் போயிருச்சு!"

"தெரியுங்க டீச்சர். கங்காணியோட போனுக்கு இன்னும் ரெண்டு கட்டை ஏறல. மேல கோயில் வரைக்கும் போய்த் திரும்பிட்டம்னா நெறஞ்சிரும்."

"பிள்ளைகள் காத்துக்கிட்டு இருக்குங்க!"

"பிள்ளைங்க சந்தோஷமாத்தான் காத்துக்கிட்டு இருக்கும்" என்றார். அதை மறுக்க முடியவில்லை என்பதுதான் என் எரிச்சல்.

அது யுத்த காலம் வேறு. டவுனுக்குப் போகும் வழியில் ஒரு சோதனைச் சாவடி. தமிழ் டிரைவர், டேஷ்போர்ட் நிறைய ஒயர், நடுவில் மினுக் மினுக்கென்று சிவப்பு வெளிச்சங்கள். முதல் தடவை எங்களையெல்லாம் இறக்கி வரிசையில் நிற்க வைத்துவிட்டார்கள். நான் அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டேன். கனெக்ஷன் அண்ணன் மட்டும் தண்ணீர் பட்ட பாடாகச் சிங்களத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டே இருந்தார்: இது கங்காணியுடையது, இது கோயில் ஐயருடையது, இது டீச்சருடையது. கால் மணி நேரம் கழித்துத் துப்பாக்கியை மறுதோளுக்கு மாற்றிக்கொண்ட சின்ன வயசுக்காரர், மெதுவாகத் தன் போனை எடுத்து நீட்டினார். அண்ணன் அதற்குப் பச்சை நூல் கட்டினார். அதற்குப் பிறகும் சாவடியில் எங்கள் வேனை நிறுத்தத்தான் செய்தார்கள், சார்ஜ் போட.

இப்படி இருக்கையில்தான் டிரான்ஸ்மிட்டர் வந்தது. விரல் நீளம்தான். சிகரட் ஓட்டையில் குத்தி, பிளேயரை மாட்டிவிட்டால், பாட்டு காற்றில் போய் அதே வண்டியின் ரேடியோவில் வரும். ரேடியோவில் எந்த ஸ்டேஷனும் இல்லாத எண்ணாகப் பார்த்து வைக்க வேண்டும். கனெக்ஷன் அண்ணன் மலை முழுக்க ஓட்டிப் பார்த்து எண்பத்தேழரையைக் கண்டுபிடித்தார். ஏழரை அதிலேயே இருந்ததை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

அவருக்குத்தான் கை சும்மா இருக்காதே. ஸ்டாண்டில் நின்ற எல்லா வேனுக்கும் டிரான்ஸ்மிட்டர் பூட்டிக் கொடுத்தார். எல்லாவற்றுக்கும் எண்பத்தேழரை.

"ஏங்க, ஆளுக்கு ஒரு நம்பர் வைக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"நல்ல நம்பர நான் வச்சுக்கிட்டு, மத்தவங்களுக்குக் கெட்ட நம்பரக் குடுக்கச் சொல்றீங்களா டீச்சர்?" என்று என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நான் ஏதோ பந்தியில் ஓரவஞ்சனை செய்யச் சொன்ன மாதிரி.

பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஒரு வேனின் பாட்டு மற்ற வேனில் கேட்கத் தொடங்கியது. சபரிமலைக்கு மாலை போட்டவர்களின் வேனில் குத்துப்பாட்டு. சாவு வீட்டுக்குப் போன வேனில் கல்யாணப் பாட்டு, அழுதுகொண்டிருந்த அம்மா ஒருத்தி அழுகையை நிறுத்தி, "யாருடா அது?" என்று செருப்பைக் கழற்றினாள். கனெக்ஷன் அண்ணன் ஒரு வாரம் ஸ்டாண்டுப் பக்கம் போகவில்லை. ஆனால் நம்பரை மட்டும் மாற்றவில்லை.

இந்த மனிதருக்குத்தான் பெண் பார்த்தார்கள்.

வயது முப்பத்தெட்டு. இருந்தது ஒரே அக்கா, தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர். போன இடமெல்லாம் "ஒயர்ப் பைத்தியம்" என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு கைவிரித்தார்கள். கடைசியாகக் கொடகவெலப் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு சம்பந்தம் கூடிவந்தது. பெண் எம்பிலிப்பிட்டியில் துணிக்கடையில் வேலை. அப்பா இல்லை. தாய்மாமன் வைத்ததுதான் சட்டம். அவரும் எம்பிலிப்பிட்டியில் சொந்தமாகச் சின்ன லொறி ஓட்டுகிறவர். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், நீங்க கூட வந்தா ஒரு மரியாதயா இருக்குங்க. இதுவும் தட்டிப்போச்சுன்னா இனி நான் ஒரு வீட்டுப் படியும் ஏறமாட்டேன். அவன் இப்டியே தனியாக் கெடந்து போயிருவான்."

போகாமல் இருக்க முடியுமா? நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனேன்.

போகிற வழியில்தான் விஷயம் தெரிந்தது. மாமாவைக் குளிர வைக்க, போன வாரமே எம்பிலிப்பிட்டிக்குப் போய் அவருடைய லொறிக்கும் டிரான்ஸ்மிட்டர் பூட்டிக் கொடுத்திருக்கிறார்.

"எந்த நம்பர்?" என்றேன்.

"அதே நல்ல நம்பர்தாங்க."

சந்தியில் மாமா லொறியோடு காத்திருந்தார். ஆள் ஆஜானுபாகு, மீசை அதற்கு மேல். வழி காட்டுகிறேன் என்று முன்னால் லொறியை விட்டார். லொறியின் ஜன்னலில் ஒரு துவாய்த் துண்டு தொங்கியது. வெயிலுக்கு என்று நினைத்துக்கொண்டேன். பின்னால் நாங்கள். பதினொன்றுக்கு நல்ல நேரம் முடிகிறது. தோட்டத்து ரோடு, ஒரே ஏற்றம். கனெக்ஷன் அண்ணன் பக்திப் பாட்டாகப் போட்டிருந்தார். டேஷ்போர்ட்டில் வழக்கம்போல ஊராரின் போன்கள். பெண் பார்க்கப் போகிற நாளிலுமா? ஆமாம், அன்றைக்கும்தான்.

பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டு வரவில்லை. ஒரு கனைப்பு வந்தது.

"வணக்கமுங்க மாமா... ம்ஹூம், இது பயந்த மாதிரி இருக்கு. வணக்கம் மாமா!"

கனெக்ஷன் அண்ணனின் குரல். அந்தப் பிளேயரில் பேச்சுப் பதியலாம். மாமாவிடம் எப்படிப் பேசுவது என்று பேசிப் பதிந்து, கேட்டுப் பார்த்துப் பழகியிருக்கிறார், அழிக்க மறந்துவிட்டார்.

"எனக்கு வயசு முப்பத்தொண்ணுங்க... தரகர் அப்டித்தான் சொல்லியிருக்காரு. முப்பத்தெட்டுன்னா எவன் பொண்ணு குடுப்பான்? அந்த மாமா மீசயப் பாத்தாலே பேச்சு வரமாட்டேங்குது. கூட்டுற தும்புத்தடியத் திருப்பி வச்ச மாதிரி..."

"நிப்பாட்டுடா!" என்றார் அக்கா.

கொண்டையூசி வளைவு. ஒரு கை ஸ்டேரிங்கில். மறு கையால் அவர் ஒரு ஒயரைப் பிடுங்கினார். என் போன் சார்ஜ் நின்றது. இன்னொன்றைப் பிடுங்கினார், கோயில் ஐயருடைய போன் கீழே விழுந்தது. பேச்சு மட்டும் நிற்கவில்லை.

"பொய் சொல்ல வரலீங்க மாமா. எனக்குப் பேசவே தெரியாது. ஊருக்கெல்லாம் பாட்டுப் போட்டுக் குடுக்குறேன். வீட்டுக்குப் போனா அக்கா அசதியில தூங்கியிருக்கும். ரேடியோவப் போட்டுக்கிட்டுத்தான் சாப்பிடுவேன். எதுக்க ஒரு ஆளு ஒக்காந்து ஏதாச்சும் சொல்லிக்கிட்டு இருந்தா நல்லா இருக்கும்னு தோணும். திட்டினாக்கூடப் பரவால்லீங்க."

அப்போதுதான் சரியான ஒயர் கையில் அகப்பட்டது. பேச்சு நின்றது. அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"நல்ல காலம், நம்ம வண்டிக்குள்ளதான கேட்டுச்சு" என்றார் கனெக்ஷன் அண்ணன், வேர்வையைத் துடைத்துக்கொண்டு.

முன்னால் போன லொறி நின்றது.

நடந்தது இதுதான். லொறியிலும் சிகரட் ஓட்டை ஒன்றுதானே! தன் போனைச் சார்ஜ் போடுவதற்காக மாமா டிரான்ஸ்மிட்டரைப் பிடுங்கியிருக்கிறார். ரேடியோ மட்டும் எண்பத்தேழரையில் சும்மா திறந்து கிடந்திருக்கிறது.

மாமா இறங்கி வந்தார். ஒவ்வொரு அடிக்கும் அக்கா ஒரு சாமியைக் கூப்பிட்டார். கனெக்ஷன் அண்ணன் கதவைத் திறந்து இறங்கி, கைகட்டி நின்றார்.

"முப்பத்தெட்டா?"

"ஆமாங்க மாமா."

"தும்புத்தடியா?"

"...நல்ல தும்புத்தடிங்க மாமா."

இதோடு முடிந்தது, வேனைத் திருப்ப வேண்டியதுதான் என்று நான் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். மாமாவின் மீசை துடித்தது. கோபமா, வேறு ஏதாவதா, அந்த மீசைக்குள் யார் கண்டது? அப்போது லொறி ஜன்னலில் துவாய் விலகியது. மஞ்சள் சேலைத் தலைப்பு ஒன்று எட்டிப் பார்த்தது. கடையில் அரை நாள்தான் லீவு கொடுத்தார்களாம். நல்ல நேரத்துக்கு முன் மாப்பிள்ளை கண்ணில் படக்கூடாது என்று, மாமா பெண்ணைத் துவாய்க்குப் பின்னால் ஒளித்துக் கூட்டிவந்திருக்கிறார்.

"மாமா, நேரம் போகுது. நின்னுக்கிட்டு இருந்தா எப்டி? அவங்களையும் ஏறச் சொல்லுங்க."

மாமா திரும்பி லொறியைப் பார்த்தார். பிறகு கனெக்ஷன் அண்ணனைப் பார்த்தார். போய் ஏறிக்கொண்டார். லொறி மேலே போனது. நாங்களும் போனோம்.

வீட்டில் பாய் விரித்து உட்கார வைத்தார்கள். தேத்தண்ணி வந்தது. எல்லோரும் மாப்பிள்ளையின் வாயைப் பார்த்தார்கள். கனெக்ஷன் அண்ணன் கனைத்தார். "வணக்கமுங்க மாமா" என்றார். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

"போதும், விடுங்க" என்றார் மாமா. "நாங்க கேட்டுட்டோம்." பிறகு அந்த முரட்டு மனிதர் சம்மதத்துக்கு வெற்றிலைத் தட்டை எடுத்து அக்காவின் முன்னால் வைத்தார். அக்கா அழுத அழுகையில் வெற்றிலை நனைந்தது.

தைமாசம் கல்யாணம். கோயிலிலிருந்து பொண்ணு மாப்பிள்ளையைக் கூட்டிவர வேறு வேன் பேசியிருந்தோம். "என் வண்டிய நான்தான் ஓட்டுவேன்" என்று அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, மாலையும் கழுத்துமாக அவரே ஸ்டேரிங்கில் உட்கார்ந்துகொண்டார். பெண் பக்கத்தில். நான் பின்சீட்டில். வேன் ஏற்றத்தில் முக்கத் தொடங்கியது. பாட்டு இல்லை. கொசுச் சத்தமும் இல்லை. எனக்குக் காது அடைத்துப்போன மாதிரி இருந்தது.

"என்ன அண்ணே, இன்னைக்குப் போய்ப் பாட்டுப் போடலியா?"

அவர் திரும்பாமல், கண்ணாடியில் என்னைப் பார்த்து, ரகசியம் மாதிரிக் குரலைத் தாழ்த்தினார்.

"அது பேசிக்கிட்டு வருது டீச்சர்."

உண்மைதான். ஏறியதிலிருந்து அந்தப் பெண் பேசிக்கொண்டேதான் வந்தது. மாலை கனக்கிறது, வளைவில் மெதுவாகப் போங்கள், இந்தச் சட்டைக்கு யார் இப்படிப் பொத்தான் தைத்தது என்று ஒரே திட்டு. அவர் ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டிக்கொண்டு ஓட்டினார். நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும் என்பது அதுவரை எனக்கே தெரிந்திருக்கவில்லை.