முட்டுக் கம்புகளைத் திருப்பி அனுப்புகிறேன்

நாகல் நகர், திண்டுக்கல்.
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்கு முன்.

கண்ணியத்துக்குரிய மச்சான் முகமது பாரூக் அவர்களுக்கு, நைனா முகமது எழுதும் வெற்றிக் கடிதம். அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கு நான் நலம், உங்கள் அக்கா ஜெய்தூன் பீவி நலம், வீடும் நலம். நலம் விசாரிக்கிற வரியில் வீட்டையும் சேர்த்து எழுதுவது இதுதான் முதல் தடவை என்பதைக் கவனித்திருப்பீர்கள். நத்தத்தில் நீங்களும் வீட்டாரும் பிள்ளைகளும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள்.

முதலில் ஒரு பாக்கியைத் தீர்த்துவிடுகிறேன். நான்கு வருஷத்துக்கு முன் எங்கள் நடு அறை மேல்தளம் விரிசல் விட்டபோது, சென்டரிங் வேலைக்கு வைத்திருந்த சவுக்குக் கம்புகளில் பதினான்கை ‘ஒரு மாசத்துக்குத்தான் மச்சான்’ என்று சொல்லி முட்டுக் கொடுக்கத் தந்தீர்கள். அந்தப் பதினான்கும் எங்கள் தெரு சதாமின் குட்டியானை வண்டியில் இந்தக் கடிதத்தோடு வருகின்றன. எண்ணி இறக்கிக்கொள்ளுங்கள். இனி எங்களுக்கு முட்டு தேவையில்லை.

உங்களுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. விரிசலிலிருந்து மண் உதிர்ந்து நெற்றியில் விழுந்த அன்றிலிருந்து உங்கள் அக்கா வாசலை ஒட்டி, செருப்பு விடுகிற இடத்தில் கட்டிலைப் போட்டுப் படுக்கிறாள். சத்தம் கேட்டால் ஒரே எட்டில் தெருவுக்குப் போய்விடலாம் என்பது அவள் யோசனை. நான் நடு அறையில், விரிசலுக்கு நேர் கீழேயே படுத்தேன். வீட்டுக்காரனே வாசலுக்கு ஓடினால் வீட்டுக்கு என்ன மரியாதை? ஆனால் கேட்டுக்கொள்ளுங்கள் மச்சான், நான்கு வருஷமாக அவள் ஒருநாள்கூட அடித்துப்போட்டதுபோலத் தூங்கவில்லை. மேலே பூனை நடந்தாலும் எழுந்து உட்காருவாள். அது எனக்கு உள்ளுக்குள் அறுத்துக்கொண்டே இருந்தது. அதனால்தான் போன வருஷம் மேம்பாலத்துக்காக எங்கள் வீட்டை முழுசாக எடுத்துக்கொள்வதாக நோட்டீஸ் வந்தபோது, தெருவே வாயில் அடித்துக்கொள்ள, நாங்கள் இரண்டு பேர் மட்டும் பாயாசம் காய்ச்சினோம். பேகம்பூர் பக்கம் ஒரு சின்ன வீட்டையும் பார்த்துவிட்டோம். அதில் உங்கள் அக்கா அடுப்படியைப் பார்க்கவில்லை, தண்ணீர் வருமா என்று கேட்கவில்லை. நேராக நடு ஹாலுக்குப் போய் நின்று, ஃபேனை நிமிர்ந்து பார்த்து, “இதுக்கு நேர் கீழ கட்டிலப் போட்டுக்கிறேங்க” என்றாள். அவ்வளவுதான் அவள் கேட்டது.

பிறகு மதிப்பீடு வந்தது. இடத்துக்கு ஏதோ போட்டிருந்தார்கள், பரவாயில்லை. கட்டடத்துக்கு? ‘உறுதித்தன்மை இழந்து இடியும் நிலையில் உள்ளது, கதவு ஜன்னல் விலை மட்டும்.’ மூன்று ஜன்னலும் ஒரு கதவும், மச்சான்! என் அத்தா கட்டிய வீட்டைப் பழைய சாமான் கடைக்குப் போடுகிற விலைக்குக் கேட்கிறார்கள். அந்தத் தொகையில் பேகம்பூர் வீட்டின் ஃபேன்கூட வராது. ஆட்சேபணை மனுவோடு நில எடுப்பு அலுவலகத்துக்குப் போனேன். பொறியாளர் கீர்த்தனா என்று ஒரு சின்னப் பெண், மரியாதையான பெண், நாற்காலி போட்டு உட்காரவைத்து ஒரு ஃபைலைப் பிரித்தது. உள்ளே பதினோரு மனு. எல்லாம் என் கையெழுத்து.

லாரி போகும்போதெல்லாம் வீடு அதிர்கிறது, லாரிகளை வேறு வழியில் விடுங்கள் என்று மூன்று வருஷமாக நான் எழுதிப் போட்ட மனுக்கள்! லாரியை ஒருத்தரும் நிறுத்தவில்லை. மனுக்களை மட்டும் பத்திரமாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

“ஐயா, ‘எந்நேரமும் இடிந்து விழும், உயிர் பலி ஏற்படும்’னு நீங்கதான எழுதியிருக்கீங்க?”

“அது கோவத்துல எழுதுனதும்மா.”

“பதினோரு தடவையுமா?”

“எனக்குக் கோவம் செத்த நேரத்துல போவாதும்மா.”

அந்தப் பெண் சிரிக்காமல் சமாளித்து, மறு ஆய்வுக்கு ஒரு வியாழக்கிழமையைக் குறித்துக் கொடுத்தது. கட்டடம் பாரம் தாங்கும் என்று கண்ணால் பார்த்தால்தான் எழுத முடியும் என்றும் சொல்லிவிட்டது.

எதிரே மாவு மில் வைத்திருக்கும் சுருளிவேலுக்கும் நோட்டீஸ் வந்திருந்தது, ஆனால் முன்பக்கம் பாதி இடத்துக்கு மட்டும். அவருடைய கட்டடமும் நம் வீட்டுக்குத் தம்பி மாதிரிதான், ஆறு மாதம் இளையது. அவர் என்ன செய்தார் தெரியுமா? “பாய், எங் கட்டடம் விழுற கட்டடம்னு நானே எழுதிக் குடுத்துட்டேன். இடத்துக்கு வர்றது போதும். எதுக்கு இம்புட்டுப் பாடு?” என்றார். போராடத் தெரியாத மனுஷன் என்று அவருக்காக அன்று மனசார வருத்தப்பட்டேன்.

நான் யார்? தோல் ஷாப்பில் முப்பத்தெட்டு வருஷம் தோலைத் தரம் பிரித்தவன். ஓட்டை விழுந்த தோலை எப்படி மடித்து, எந்தப் பக்கத்தை மேலே காட்டி அடுக்கினால் வாங்க வருகிறவன் தடவிப் பார்த்துவிட்டுச் சபாஷ் சொல்லுவான் என்பது என் விரலுக்குத் தெரியும். வீட்டையும் அப்படியே மடித்தேன். அந்த வியாழக்கிழமை விடியற்காலையில் சுபுஹு தொழுத கையோடு சதாமைக் கூப்பிட்டு, பதினான்கு கம்பையும் ஒவ்வொன்றாக உருவிச் சுருளிவேல் மில்லில் சாய்த்து வைத்தோம். ஒவ்வொரு கம்புக்கும் ஒரு யாஸீன் ஓதினாள் உங்கள் அக்கா, தெருவில் நின்றபடி, ஆதார் கார்டு இருக்கிற பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. வீடு லேசாக முனகியது, பிறகு பழகிக்கொண்டது. சுண்ணாம்பு அடித்தேன். தளத்திலிருந்து சுவரில் இறங்கிய விரிசலை மறைக்கக் கடை கடையாய்ப் போய்க் காலண்டர் வாங்கி, மேலிருந்து கீழ் வரைக்கும் மாட்டினேன்.

கீர்த்தனா வந்தது, பார்த்தது. “ஒரே சுவத்துல ஏழு காலண்டரா ஐயா?”

“பெருநாள், பிறை, ராகுகாலம் எல்லாம் பாக்கணும்லம்மா.”

“உங்களுக்கு எதுக்கு ராகுகாலம்?”

“வர்ற விருந்தாளிக்கு.”

அடுத்த கேள்வி கிளம்புவதற்குள் மாடியில் விருந்தைத் தொடங்கிவிட்டேன். ஆமாம், விருந்து. பாரம் தாங்குவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால், காட்டிவிட வேண்டியதுதானே? ஜமாஅத்தில் சொல்லி, என்னையும் சேர்த்து அறுபது பேர் ஆகும்படி அழைத்திருந்தேன். வீட்டின் யோக்கியதை அறுபது பேருக்கும் தெரியும். சீரகச் சம்பாவில் மட்டன் பிரியாணி என்றதும் அறுபது பேருக்கும் மறந்துபோனது. பதினைந்து சஹன். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பெரிய தட்டைச் சுற்றி நான்கு பேராக உட்கார்ந்தால், நான்கு பேரும் முடிக்கிறவரை ஒருத்தர்கூட எழுந்திரிக்கக் கூடாது. பாதியில் எழுந்தால் கூட உட்கார்ந்தவரை அவமதித்தது மாதிரி. அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது அந்த மரியாதைதான், மச்சான்.

இரண்டாவது தடவை கறி வைக்கும்போது, ‘டக்’ என்று ஒரு சத்தம். மொட்டை மாடியில் அறுபது வாயும் மெல்லுவதை நிறுத்தின. என் சஹனில் இருந்த டீக்கடை அழகுராஜா, இறைச்சிக் கடைக்கார ஆசாத், பள்ளிவாசல் மோதினார் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எலும்பைப் பார்த்தேன். ஓடிவிடலாம் என்றால் ஆசாத் இன்னும் முடிக்கவில்லை. அவர் முடித்தால் மோதினார் முடிக்கவில்லை. அப்படியே பதினைந்து சஹனிலும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு, யாராவது முதலில் எழுந்திரிக்க மாட்டார்களா என்று காத்துக்கொண்டு, ஒருவரும் எழாமல், அறுபது பேரும் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தார்கள். என் வாழ்நாளில் இவ்வளவு அமைதியான விருந்தை நான் பார்த்ததில்லை. கீழே நடு அறையில் நின்ற கீர்த்தனாவின் தோளில் மண் உதிர்ந்திருக்கிறது. “ஒட்டட அடிச்சு ரொம்ப நாளாச்சும்மா” என்று வாசலில் நின்றே குரல் கொடுத்தாளாம் உங்கள் அக்கா. உள்ளே மட்டும் வரவில்லை.

அந்தப் பெண் மாடிப்படி ஏறிவந்து எட்டிப் பார்த்தது. அறுபது பேர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். “ஐயா, கட்டடத்து மேல இவங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை!” என்றது. பிரியாணி கொடுத்தோம், ஆய்வுக்கு வந்த இடத்தில் சாப்பிடக் கூடாது என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டது. நேர்மையான பெண்.

போன திங்கட்கிழமை காகிதம் வந்தது. ‘கட்டடம் நல்ல உறுதியுடன் உள்ளது. அறுபது நபர்களின் பாரத்தை எவ்விதச் சேதமும் இன்றித் தாங்கியதை நேரில் கண்டேன்.’ கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கிறது. மூன்று ஜன்னல், ஒரு கதவு விலையிலிருந்து பத்தொன்பது லட்சம்! அதைப் பெரிதாக ஜெராக்ஸ் எடுத்து ஆறு பேருக்குக் கொடுத்தேன். டீக்கடையில் என்னை வக்கீல் பாய் என்று கூப்பிடுகிறார்கள். விருந்தன்று உருவிய கம்புகளை நான் திரும்ப வைக்கவே இல்லை. உறுதியான வீட்டுக்கு முட்டு எதற்கு? யாராவது அதிகாரி திடீரென்று வந்து பார்த்தால் அசிங்கம் இல்லையா? பேகம்பூர் வீட்டுக்கு நாளை அட்வான்ஸ் கொடுக்கப்போகிறேன். இரண்டு நாளாக உங்கள் அக்கா அந்த ஹாலுக்கு என்ன நிறத்தில் கட்டில் விரிப்பு வாங்குவது என்று பேசிக்கொண்டே இருக்கிறாள். அவள் முகத்தை இப்படிப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று! எனக்கு இந்த ஒன்று போதும்.

உங்கள் தொழிலில் பரக்கத்து பெருகவும், நீங்கள் போடும் தளமெல்லாம் நம் வீட்டைப்போல உறுதியாக நிற்கவும் அல்லாஹ் அருள்புரியட்டும். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
வெற்றி பெற்ற உங்கள் மச்சான்,
நைனா முகமது.

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது அலுவலகத்திலிருந்து ஆள் வந்து இன்னொரு காகிதம் கொடுத்துவிட்டுப் போனார். ‘உறுதியான, மதிப்பு மிகுந்த கட்டடங்களை இயன்றவரை தவிர்க்க வேண்டும் என்ற விதிப்படி பாலத்தின் பாதை எதிர்ப்பக்கமாக எட்டடி நகர்த்தப்படுகிறது, தங்கள் வீடு எடுக்கப்பட மாட்டாது.’ நான் பத்திரமாக வைத்திருக்கும் அந்த முத்திரையைத்தான் இதற்கு ஆதாரமாகக் காட்டியிருக்கிறார்கள். பாதை அந்தப் பக்கம் நகர்ந்ததால் சுருளிவேலுக்கு மட்டும் இப்போது முழு இடத்துக்கும் பணம் வருகிறது. மனுஷன் மிக்சர் பொட்டலத்தோடு வந்து, “பாய், உங்களாலதான்” என்று கட்டிப்பிடித்துக்கொண்டார். உங்கள் அக்கா காகிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, “இன்னொரு விருந்து வச்சிருவோமாங்க? இந்தவாட்டி நூறு பேரக் கூப்புடுங்க” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் பேகம்பூருக்கென்று கழுவித் தெருவில் காயவைத்திருந்த கட்டிலைப் பழையபடி வாசலுக்கு இழுத்துவிட்டாள். சதாமும் சுருளிவேலும் வண்டியிலிருந்து கம்புகளை இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே கடிதம் மட்டும்தான் வரும், கம்புகள் வரா. விருந்துக்குப் பிறகு விரிசல் ஏழாவது காலண்டரையும் தாண்டிவிட்டதால், திரும்பி வரும் வண்டியில் இன்னும் எட்டுக் கம்பு கொடுத்து அனுப்புங்கள். செருப்புகளைத் தெருப்பக்கம் தள்ளி வைத்துவிட்டு, என் கட்டிலையும் வாசலில், அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன்.