பரராசசிங்கம் ‘எவடம்’ தொடுத்த படலம்

வாழ்க பரராசசிங்கம்! வாழ்க அவர்தம் நாவும், நாவின் நுனியிற் குடிகொண்ட பேரமும்! தென்கடலோரத்து மாத்தறைக் கடைத்தெருவிலே தராசே செங்கோலாக, சீனிச் சாக்கே அரியணையாக வீற்றிருந்து, பருப்பு வாங்க வந்தவனைப் பருப்போடு கருவாடும் சுமக்கவைத்து அனுப்பிய வணிகர்குலக் கொழுந்து. கத்தரிக்காய்க்காரியோடு பொருது, கறிவேப்பிலை சும்மா கிடைக்குமட்டும் களம் நீங்காத விறலோன். கடையை மூடிப் புங்குடுதீவுக்குத் திரும்பி இளைப்பாறும் இந்நாளிலும், மீன்காரனின் சைக்கிள் மணி கேட்டதும் முரசு கேட்ட யானைபோற் சாய்மனைக் கதிரையிலிருந்து சிலிர்த்தெழும் பெருந்தகை! அன்னார் தொடுத்த மார்கழிப் பெரும்போரை, அதிலே தம் வாயாலேயே தாம் வீழ்ந்த வரலாற்றை, வாசகர்காள், வாயில் வெற்றிலை இருந்தால் துப்பிவிட்டு வந்து கேளுங்கள்.

கார்மேகங்கள் கடலை முகந்து வந்து தீவின் தலையிற் கொட்டுவதும், பாலத்து வாடைக்காற்று யாழ்ப்பாணப் பேருந்தைப் பிடித்து உலுக்குவதும், கொடியிற் போட்ட சாரம் கிழமைக்கணக்காய் ஈரம் மாறாமல் மணப்பதுமாகிய அந்தக் காலத்தில், ஒருநாட் காலை, கனடாவிலிருந்து மகள் கஜாலினி கைபேசித் திரையில் எழுந்தருளினாள்.

“அம்மா, இந்த வின்ரருக்கு நாங்கள் மொன்றியலுக்குச் சிற்றி பிறேக் போறம்.”

“பிறேக்கோ?” பரராசசிங்கம் கதிரையை விட்டுப் பாதி எழும்பினார். “காரைக் கொண்டுபோய் எங்கையேன் அடிச்சுப்போட்டியளோ பிள்ளை?”

“ஐயோ அப்பா, அந்தப் பிறேக் இல்லை. ஒரு ரவுணுக்குப் போய் ரெண்டு மூண்டு நாள் நிண்டு, இடம் பாத்து, நல்ல கடையளில சாப்பிட்டிட்டு வாறது.”

“அங்கை ஆற்றை வீட்டை நிக்கிறியள்?”

“ஒருதற்றை வீட்டையும் இல்லை. ஹோட்டல்.”

ஈரப் போர்வையைப் பிழிந்துகொண்டிருந்த இல்லத்தரசி இரஞ்சிதத்தின் கைகள் அந்தரத்தில் நின்றன. பிழிபட்ட நீர் அவள் பாதத்திற் சொட்டியது. ‘ஒருதற்றை வீட்டையும் இல்லை’, அதாவது எவர் வீட்டிலும் அல்ல, என்னும் திருவாக்கு அவள் செவி புகுந்து, நெஞ்சு புகுந்து, அங்கே ஆண்டாண்டாய் உறங்கிய ஏதோவொரு சிங்கத்தின் வாலை மிதித்தது.

காரணம் கேளுங்கள். மணமான நாள்முதல் இரஞ்சிதம் கொழும்பு சென்ற தடவைகள் பல. ஆயினும் அம்மாநகரில் அவள் கண்டவை யாவை? வெள்ளவத்தையில் ஒரு குசினி, கொட்டாஞ்சேனையில் ஒரு குசினி, தெகிவளையில் யன்னலே இல்லாத ஒரு குசினி. சொந்தக்காரர் வீட்டில் விருந்தாளியாய்ப் போய் இறங்கிய பெண், கதிரையின் சூடு அறியுமுன் எழுந்து, “நான் வெங்காயம் உரிக்கிறன்” என்று சொல்லியாக வேண்டும் என்பது தீவார் மரபு. உலகோர் கொழும்பைக் கோபுரங்களாலும் கடற்கரையாலும் அறிவர். இவளோ தேங்காய் துருவும் திருவலைகளால் அறிவாள்: எந்த வீட்டுத் திருவலை ஆடும், எது விரலைப் பதம்பார்க்கும் என்று இருட்டிலும் சொல்வாள். கணவரோ அதே வேளையில் முன்விறாந்தையிற் காலை நீட்டியிருந்து, மாத்தறையிற் சீனி விற்ற வீரக்கதைகளை அவிழ்த்துக்கொண்டிருப்பார்.

ஆகவே அவள் போர்வையைக் கொடியில் எறிந்து, ஈரக்கையை இடுப்பிலூன்றி, நால்திசையும் கேட்க முழங்கினாள்:

“இஞ்சருங்கோ! திருவெம்பாவை தொடங்க முன்னம் நாங்களும் கொழும்புக்குப் போறம். ஹோட்டல்ல நிக்கிறம். தாமரைக் கோபுரத்தில ஏறுறம். சீனச் சாப்பாடு சாப்பிடுறம். ஒரு சொந்தக்காரற்றை குசினிக்குள்ளையும் நான் கால் வைக்கமாட்டன்!”

“கொழும்புக்குப் போய்ச் சொந்தத்தைப் பாக்காமல் வாறதோ? சனம் என்ன சொல்லும்?”

“சனத்துக்கு ஏன் சொல்லுறியள்?”

இந்த எதிர்க்கேள்வியோடு போர் மூண்டது.

மேசைமேற் கொழும்பு வரைபடம் விரிக்கப்பட்டது. ஏனைய நாட்டுப் படைத்தலைவர்கள் பகைவரின் கோட்டைகளைக் குறிப்பர். பரராசசிங்கமோ சிவப்புப் பேனையால் உறவினரின் வீடுகளைக் குறித்தார். குறிக்கக் குறிக்க நகரமே அம்மை கண்ட பிள்ளைபோற் சிவந்தது. தெற்கே கடை போட்ட தீவாரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் காணாத ஒழுங்கை ஒன்று கொழும்பில் உண்டோ? மிருகக்காட்சிச்சாலைக்குப் போகலாமென்றால் அதன் வாசலிற் பெரியம்மாவின் பேத்தி பலசரக்குக் கடை வைத்திருக்கிறாள். நூதனசாலைக்கென்றால் வழியில் மைத்துனரின் மருமகன் பல்வைத்தியனாய்ப் பதுங்கியிருக்கிறான். எல்லாவற்றிலும் கொடியதாய், வெள்ளவத்தைக் கடற்கரையோரம் எழுந்து நின்றது ஒன்றுவிட்ட தங்கை யோகம்மாவின் மாடிவீடு: இரஞ்சிதம் ஒருமுறை மூன்று வேளையும் பிட்டவித்து, கடைசியிற் கடலையே பாராமல் ஊர் திரும்பிய பாசறை!

“அந்தப் பக்கம் ஆட்டோவில போனாலும் நான் தலையைக் குனிஞ்சுகொண்டுதான் போவன்,” என்றாள் இரஞ்சிதம்.

ஈற்றில் மகள் கஜாலினி கடல்கடந்து கைகொடுத்தாள். சிவப்புப் புள்ளி ஒன்றுமே விழாத கொள்ளுப்பிட்டிக் கரையில், கடலைப் பார்த்தபடி நின்ற ஹோட்டல்கள் இரண்டின் இலக்கங்களை அனுப்பிவைத்தாள். முதலாவதை அழைத்து அறை பேசும் பொறுப்பு, குலவழக்கப்படி, பரராசசிங்கத்தின் தோளில் விழுந்தது.

அங்கேதான் இரஞ்சிதம் கைபேசியைப் பறித்து வைத்துக்கொண்டாள். ஏனெனில் அவள் தன் கணவரின் அம்பறாத்தூணியை நன்கறிவாள். எத்துணைப் பெரிய பேரத்திலும் விலை இறங்க மறுத்தால், அவர் தொடுக்கும் தெய்வ அத்திரங்கள் மூன்று. முதலாவது “எவடம்?”, அதாவது நீர் எந்த இடத்தவர் என்பது. புங்குடுதீவு என்று விடை வந்தால் அடுத்தது “எத்தனையாம் வட்டாரம்?” ஏனெனில் வட்டார இலக்கம் தெரிந்தால் எங்கள் தீவில் ஒருவனின் குலம், கோயில், கிணற்றுத் தண்ணீரின் ருசி வரை தெரிந்துவிடும். மூன்றாவது “ஆற்றை மோன்?”, அதாவது யாருடைய மகன் என்பது. இதற்குத் தப்பியவர் எவருமிலர், எதிரி உறவினனாகிச் சரிவான், விலை தானே சரியும்.

“அந்த மூண்டு கேள்வியும் கேக்கமாட்டன் எண்டு சத்தியம் பண்ணுங்கோ.”

“ஆரிலை?”

“உங்கட தராசில.”

கடைசிவரை காத்த பழைய தராசு அலுமாரியிலிருந்து இறக்கப்பட்டது. பரராசசிங்கம் அதன் தட்டிலே வலக்கை வைத்து, எவடமும் கேளேன், வட்டாரமும் கேளேன், அப்பன் பெயரும் கேளேன் என்று சபதமிட்டார். தட்டு ஒருபக்கம் சாய்ந்ததை இருவரும் கவனிக்கவில்லை.

அழைப்பு எடுக்கப்பட்டது. ஒலிபெருக்கி முழங்கியது. இரஞ்சிதம் உதட்டிற் சுட்டுவிரல் வைத்து எதிரே நின்றாள்.

“தம்பி, கடல் தெரியிற அறை ஒண்டு வேணும்.”

“இருக்கு ஐயா.” குரல் இளமையானது, பணிவானது.

“காலைச் சாப்பாடு சேத்துத்தானே?”

“இல்லை ஐயா, அது புறம்பு.”

“என்ன தம்பி, வயசு போன ரெண்டு சனம். கோழிக்குஞ்சு கொத்திற மாதிரித்தான் கொத்துவம்.”

“விளங்குது ஐயா. ஏலாது.”

ஏலாது! கொழும்பில் வளர்ந்த நாக்கென்றால் ‘முடியாது’ என்று சொல்லியிருக்கும். இதுவோ உப்புக்காற்றுப் பட்ட ‘ஏலாது’. நீட்டி, இழுத்து, ஈற்றில் ஒரு சின்ன ஏற்றத்தோடு வந்த ‘ஏலாது’. வேட்டைநாயின் மூக்கில் முயல்வாசம் பட்டாற்போல் பரராசசிங்கத்தின் செவி விடைத்தது. முதல் அத்திரம் தொண்டைவரை ஏறி வந்தது. இரஞ்சிதம் கண்ணை உருட்டினாள். அவர் அதை எச்சிலோடு விழுங்கினார்.

“சரி, ஒருநேரம் தேத்தண்ணியாவது சும்மா தாறதுதானே?”

“அறையுக்கை சுடுதண்ணிக் கேத்தில் ஒண்டு இருக்கு ஐயா, நீங்களே போட்டுக் குடிக்கலாம்.”

“ஆற்றை தேயிலை?”

“எங்கட தேயிலைதான் ஐயா.”

சிறு வெற்றி. ஆனால் தேயிலையோடு திரும்புவதோ மாத்தறைச் சிங்கம்? மீண்டும் பாய்ந்தார். தாம் முட்டை தொடுவதில்லை என்றார்; தம் மனைவி பாணின் நடுப்பகுதியை மட்டுமே உண்பாள் என்றார்; ஊரிலிருந்து சனத்தைத் திரட்டி அனுப்புவேன் என்றார். ஒவ்வோர் அலைக்கும் அதே கற்பாறை, அதே இழுவை, அதே ஏற்றம்: “ஏலாது ஐயா.” தீவையே சூழ்ந்த கடல் தன் தொண்டைக்குள் பொங்குவதுபோல் இருந்தது அவருக்கு. இரஞ்சிதம் ஓடிவந்து அவர் வாயைப் பொத்த எத்தனித்தாள். அந்தோ, விரல்களின் இடுக்கால் அம்பு பாய்ந்துவிட்டது:

“தம்பி எவடம்?”

முற்றத்துக் காகம் கரைதலை நிறுத்தியது. மழை ஒருகணம் தயங்கியது.

“புங்குடுதீவு ஐயா.”

“எத்தனையாம் வட்டாரம்?”

“எட்டு.”

“ஆற்றை மோன்?”

“வைத்திலிங்கத்தாற்றை கடைசிப் பெடியன். துஷ்யந்தன்.”

“அட! எங்கட யோகம்மான்ர பெடியனோ! நீ டோகாவில எல்லோ?”

“திரும்பி வந்திட்டன், இஞ்சைதான் மனேச்சர். ஆர் கதைக்கிறது... மாத்தறை மாமாவோ?”

வீடுகள் அனைத்தையும் சிவப்பிற் குறித்தவர், வேலைத்தலங்களைக் குறிக்க மறந்தாரே!

“காலைச் சாப்பாடு இனிச் சும்மாதானே மருமோன்?” என்று, வெற்றியின் மிதப்பில், கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“விசர்க்கதை கதைக்கிறியள் மாமா! நீங்கள் ஹோட்டல்ல நிக்கிறதோ? அம்மா கேட்டால் என்னைக் கொண்டுபோடுவா. அறையும் இல்லை, ஒண்டும் இல்லை, நேரை எங்கட வீட்டை வாங்கோ. மாமியும் வந்தால் அம்மாவுக்குக் குசினியில ஒரு கைத்துணை!”

வணிக வரலாற்றில் இதனினும் பெரிய வெற்றி எவனுக்கும் வாய்த்ததில்லை. காலைச் சாப்பாடு கேட்டவருக்கு மதியமும், இரவும், அறையும், கட்டிலும், தலையணையும் சும்மா! ஆனால் வென்றவர் கண்ணைத் திறந்து பார்த்தபோது, எதிரே நின்ற இரஞ்சிதத்தின் முகத்தைக் கண்டு, வென்ற பொருளையெல்லாம் வந்த விலைக்குத் தள்ளிவிட விரும்பினார்.

காலம் கடந்துவிட்டது. துஷ்யந்தன் தாய்க்குச் சொல்ல, யோகம்மா தெகிவளைக்குச் சொல்ல, தெகிவளை கொட்டாஞ்சேனைக்கு ஓத, உறவுப்படை நாற்புறமும் திரண்டது. கைபேசி இடைவிடாது அலறியது. “எங்களிட்டை வராமல் போனால் செத்தவீட்டுக்கும் வரவேண்டாம்!” என்று முழங்கினாள் ஒருத்தி. “யோகம்மா வீட்டில சாப்பிட்டால் எங்கட வீட்டில ரெண்டு தரம் சாப்பிடவேணும்,” என்று நிபந்தனை விதித்தான் பல்வைத்தியன். மறுத்தால் மானம் போகும். ஆதலால் பரராசசிங்கம் ஒவ்வொருவருக்கும் “ஓம், ஓம்” என்று தலைவணங்கினார். கோபுரம் ஏறுவதற்கென்று வைத்த பொழுது யோகம்மாவின் மதியபோசனத்தில் மூழ்கியது. சீனச் சாப்பாடு தெகிவளைப் பிட்டிற் புதைந்தது. இடம் பார்த்தல் என்பது புதிதாய்ப் பதித்த தரையோடுகளையும் கலியாண அல்பங்களையும் பார்ப்பதாய்ச் சுருங்கியது.

இரஞ்சிதம் இரண்டாவது ஹோட்டலின் இலக்கத்தை அழைத்தாள். மறுமுனையில் ஒரு பெண்பிள்ளை சிங்களத்தில் வணக்கம் சொல்ல, மாத்தறைக் கடையில் கணவர் வீரக்கதை பேசிய பொழுதெல்லாம் உண்மையில் வியாபாரத்தைப் பார்த்தவளாகிய அவள், தேன்போன்ற சிங்களத்தில் விடையிறுத்தாள். எவடமும் இல்லை, வட்டாரமும் இல்லை. பிள்ளை ஒரு விலை சொன்னாள். இரஞ்சிதம் சரி என்றாள்.

“ஐயோ!” என்று அலறி நெஞ்சைப் பிடித்தார் பரராசசிங்கம். “முதற்சொன்ன விலைக்கோ! குறைச்சுக் கேளும்! நாசமாய்ப் போச்சுது, எங்கட பரம்பரையில ஒருதரும்...”

எத்தனை பேருக்கு அறை என்று பிள்ளை வினவினாள் போலும். இரஞ்சிதம் கணவரை ஒருகணம் ஏற இறங்கப் பார்த்தாள். பின் ஒற்றை விரலை அவர் கண்முன் உயர்த்திக் காட்டியபடியே, ஓராளுக்கு என்று சிங்களத்திற் சொல்லி அழைப்பைத் துண்டித்தாள்.

“இஞ்சரும், நானும் உம்மோடை...”

“நீங்கள் சொந்தக்காரரிட்டைப் போங்கோ,” என்றாள். “நான் கொழும்புக்குப் போறன்.”

அவ்வண்ணமே ஆயிற்று. ஒரே பேருந்தில் ஒரே இருக்கையில் ஏறிச் சென்ற இணையர், வெள்ளவத்தை வீதியில் இறங்கியதும் இரு பேரரசுகளாய்ப் பிரிந்தனர். பிடிபட்ட மன்னனைப்போல் உறவினரின் வாகனத்தில் ஏற்றிக் கொண்டுசெல்லப்பட்ட பரராசசிங்கம், வீட்டுக்கு வீடு இறக்கப்பட்டு, தட்டுக்குத் தட்டு நிரப்பப்பட்டு, “மாமி எங்கை?” என்னும் வினாவுக்கு நா வறண்டு, இடியப்பமும் பிட்டும் தோசையும் மாறி மாறித் தாக்க, கட்டிய அரைப்பட்டி அறும்படி வீங்கி, மூன்றாம் நாட் பின்னேரம், பல்வைத்தியனின் வீட்டில் இரண்டாவது தடவைச் சாப்பாடு பரிமாறப்படும் ஓசை கேட்டுக் குளியலறைக்குள் ஓடி, கதவைத் தாழிட்டு, வாளிமேல் அமர்ந்து, கண்ணீர் மல்கக் கைபேசியை எடுத்து, தம் ஆருயிர்த் துணைவியை, ஒற்றை அறைக்கு அதிபதியை, கோபுரம் ஏறிய கொற்றவையை, தம்மை அக்கரைக்கு அழைத்துக்கொள்ளுமாறு இறைஞ்சும் பொருட்டு, மணி அடிக்க அடிக்க, அலைகள் ஆர்ப்பரிக்க, காலிமுகத்திடலில் அவள் கண்ணெதிரே கதிரவன் செம்பொன்னாய்க் கடலில் இறங்க, அழைத்துக்கொண்டே இருந்தார்.

கையில் இறால் வடை இருந்தபடியால் இரஞ்சிதம் போன் எடுக்கவில்லை.