கூரையை விட்டு இறங்காத புறா

கம்ப்ரே போர்முனை
24 நவம்பர் 1917

அன்பும் மரியாதையும் மிகுந்த மாப்பிள்ளை சேத் எண்ட்விசில் அவர்களுக்கு, மைத்துனன் ஏமஸ் எழுதிக்கொள்வது. எனக்குக் கை கால் எண்ணிக்கை குறையாமல் இருக்கிறது. நீங்களும் தங்கை ஹன்னாவும் சிறிசுகளும் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் மகன் கிளெம் உயிரோடு இருக்கிறான். பட்டாளத்தின் சேதிப் புறாக்களை நான் பராமரிக்கும் கூண்டு வண்டியின் படியில் உட்கார்ந்து எனக்கு வைத்த தேநீரைக் குடித்துக்கொண்டிருக்கிறான். இந்தக் கடிதத்தை லீவில் வரும் ஆள் கையில் கொடுத்தனுப்புகிறேன். கேப்டன் தணிக்கை செய்து மை பூச வழியில்லை, ஆகவே மனசில் இருப்பதை எழுதுகிறேன்.

மூன்று வருஷமாயிற்று, மாப்பிள்ளை, அலுத்துவிட்டது. வந்த புதிதில் குதிரையும் வாளும்தான். ஈப்ர சண்டையில் விஷப்புகை வந்தது. எங்களுக்கு முகமூடி கொடுத்தார்கள், அப்புறம் குதிரைக்குக் கொடுத்தார்கள், அப்புறம் என் புறாக்கூடைக்கும் ஓர் உறை வந்தது. சோம் சண்டையில் டாங்கி வந்தது. இதோடு சண்டை முடிந்தது என்றார்கள், பாதி டாங்கிகள் வழியிலேயே படுத்துவிட்டன. ஒவ்வொரு பெரிய சண்டைக்கும் புதிதாக ஒன்று வருகிறதே தவிர, பழையதை யாரும் திருப்பி வாங்கிக்கொள்வதில்லை. எல்லாவற்றையும் நாங்கள்தான் சுமக்கிறோம். இப்போது நூற்றுக்கணக்கில் டாங்கிகளை ஓட்டுகிறார்கள், ஆனால் உள்ளே இருப்பவன் ஒரு வார்த்தை வெளியே சொல்ல வேண்டுமென்றால் ஓட்டை வழியாக என் புறாவைத்தான் விட வேண்டும்.

புதன்கிழமை கிளெமின் டாங்கிக்கு ஒரு நல்ல சேவல் புறாவைக் கொடுத்தேன். மத்தியானம்வரை அவர்கள் போன கிராமத்திலிருந்து ஒரு தகவலும் இல்லை. கிராமம் ஜெர்மன்காரன் கையில்தான் இருக்கும் என்று முடிவு கட்டி, நாலு மணிக்கு நம் பீரங்கிகள் அதைத் தரைமட்டமாக்க உத்தரவாகிவிட்டது. உள்ளே நம் பையன் இருக்கிறான், மாப்பிள்ளை. வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்று மணிக்குப் புறா வந்தது. காலில் சேதிக்குழாய் தெரிகிறது. வந்தது நேரே கூண்டுக்குள் போக வேண்டாமா? வண்டிக் கூரைமேல் உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டது.

கேப்டன் பாயிண்ட்ஸ் ஓடி வந்தார். "அதான் வந்திருச்சே, எடுய்யா சேதியை!"

"உள்ளே நுழைஞ்சாத்தான் வந்த கணக்கு ஐயா. கூரைமேல இருந்தா எங்க ஊர் புறாப் பந்தயத்துலகூடச் சேர்த்துக்க மாட்டோம்."

"இது பந்தயமா? இறக்கு அதை!"

சோளத் தகர டப்பாவைக் குலுக்கினேன். விசில் அடித்தேன். கெஞ்சினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வயிறு நிறைந்த புறா இப்படித்தான் செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? பட்டினி போட்டு அனுப்பிய புறாவுக்கு யாரோ தீனி போட்டிருக்கிறார்கள். கேப்டன் ஏணியில் ஏறினார். அது பக்கத்துக் கூரைக்குப் போனது. அவர் இறங்கினார், அது திரும்பி வந்தது. மணி மூன்றரை. அவர் துப்பாக்கியை எடுத்துவிட்டார்.

"சுட்டீங்கன்னா சேதியும் சேர்ந்து சிதறிடும் ஐயா. உள்ளே என் தங்கச்சி மகன் இருக்கான், அஞ்சு நிமிஷம் குடுங்க!" என்று கத்திக்கொண்டே குறுக்கே நின்றேன்.

நம் ஊரில் செய்கிற வேலையைத்தான் செய்தேன். அதன் பெட்டைக்குப் பக்கத்தில் வேறொரு சேவலை விட்டு, இரண்டையும் கூண்டு வாசலில் அது பார்க்க வைத்தேன். புது மாப்பிள்ளை கழுத்தை உப்பிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றியதுதான் தாமதம், கூரையில் இருந்தவன் கல் மாதிரி வந்து விழுந்தான்.

"கடவுளே, இதை நம்பியா சண்டை போடுறோம்!" என்று கேப்டன் தலையில் அடித்துக்கொண்டார்.

சேதி இதுதான்: கிராமம் நம் கையில், டாங்கி பழுது, எட்டுப் பேரும் உயிரோடு. மணி மூன்று நாற்பது. டெலிபோன் கம்பி அறுந்து கிடந்தது. மோட்டார் சைக்கிள் சேற்றில் மாட்டிக்கொண்டது. கடைசியில் ஒரு கிழட்டுக் குதிரைதான் பீரங்கிக்காரர்களிடம் போய்ச் சேர்ந்தது. நாலு மணிக்கு ஒரு சத்தமும் வரவில்லை. நான் புறா எச்சத்துக்குள்ளேயே உட்கார்ந்து அழுதேன்.

இன்று காலை கிளெம் வந்தான். முதுகில் ஓர் அறை வைத்து, "எந்தப் பாவிடா புறாவுக்குத் தீனி போட்டது?" என்று கேட்டேன்.

"நான்தான் மாமா. உள்ளே ஒரே சூடு, புகை, அது நடுங்கிட்டே இருந்துச்சு. எனக்குத்தான் பிஸ்கட் இறங்கல, அதுவாவது தின்னட்டுமேன்னு..."

புறாக்காரர் வீட்டில் பிறந்த பிள்ளை பேசுகிற பேச்சைப் பாருங்கள்! அதற்கப்புறம் நான் கேப்டனிடம் போனேன். "எனக்கு மெடல் வேண்டாம் ஐயா, இவனை என் வண்டிக்கு மாத்திக் குடுங்க" என்றேன். உடனே எழுதிக் கொடுத்துவிட்டார். திங்கள் முதல் உங்கள் மகன் இங்கே என்னோடு கூண்டு சுரண்டுவான். டாங்கி இல்லை, பயம் இல்லை. ஹன்னா நிம்மதியாகத் தூங்கட்டும்.

தங்கைக்கு என் ஆசி, சிறிசுகளுக்கு முத்தம், உங்கள் புறாக்களுக்கு என் விசாரிப்பு.

என்றும் உங்கள்,
ஏமஸ் த்ரெல்ஃபால்

பின்குறிப்பு: மாப்பிள்ளை, கையெழுத்துப் போட்டதும் கிளெம் இதை வாங்கிப் படித்தான். மாற்றல் உத்தரவை மடித்து என் சட்டைப்பையில் வைத்துவிட்டான். "டாங்கிய சரி பண்ணியாச்சு. எனக்குப் பதிலா வர்றவனுக்கு அதோட கியர் பண்ற கிறுக்கு புரியாது மாமா. மத்த ஏழு பேரும் உள்ளேயே எரிஞ்சு போவாங்க. நீங்களா இருந்தா இங்கே உக்காந்திருப்பீங்களா?" என்றான். தேநீர்க் கோப்பையை என் கையில் கொடுத்தான். தன் டாங்கிக்கே திரும்பிப் போய்விட்டான். ஹன்னாவுக்கு என் கையெழுத்து வரைக்கும் படித்துக் காட்டுங்கள். அதற்குக் கீழே இருப்பதைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடுங்கள்.