கம்ப்யூட்டருக்கு ஒரு பொட்டு

உலகத்தில் மற்றவர்கள் எல்லாம் வேலைக்கு ஏற்ற கருவியைத் தேடுவார்கள். கருவிக்கு ஏற்ற வேலையைத் தேடி ராயபுரம் முழுக்க அலைந்த ஒரே மனிதர் குச்சி நைனாதான்.

அவர் வீட்டு மாடியில் நான் சில வருடங்கள் குடியிருந்தேன். பத்திரிகை அலுவலகத்தில் எனக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை. ஆகவே காலை நேரங்களில் அவர் நடத்திய சோதனைகளுக்கெல்லாம் நான் நேரடி சாட்சி. சிலவற்றில் பாதிக்கப்பட்டவனும்கூட.

நைனா திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் கிடங்கில் செக்கராக இருந்தவர். உள்ளே வரும் லாரியின் மேல் இருக்கிற பெட்டியின் எண்ணைப் பார்த்து, கையடக்கக் கம்ப்யூட்டரில் குத்த வேண்டும். அதுதான் வேலை. ஸ்மார்ட்போனுக்கு முந்தைய காலத்துச் சாமான் அது. உள்ளங்கை அகலம், கனமான உலோக மூடி, பச்சை வெளிச்சத்தில் கறுப்பு எழுத்து, குத்துவதற்கு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குச்சி. கிடங்கில் எல்லோருக்கும் புது போன் கொடுத்துவிட்டு, பழையதையெல்லாம் சாக்கில் போட்டுக் கட்டினார்கள். நைனா ஓய்வு பெற்ற நாளில் மாலை போட்டு, சால்வை போர்த்தி, "வேற ஏதாவது வேணுமா?" என்று மரியாதைக்குக் கேட்டார் மேனேஜர். நைனா சாக்கைக் காட்டினார். அதிலிருந்து அவருடைய கம்ப்யூட்டர் அவரோடு வீட்டுக்கு வந்தது.

அந்தக் குச்சியைத் தச்சர் பென்சில் வைத்துக்கொள்வதுபோலக் காதில் செருகியிருப்பார். குளிக்கும்போதும் அது அங்கேயே இருந்தது என்று அவர் மனைவி சொல்லிக் கேட்டிருக்கிறேன். பெயர் அப்படி வந்ததுதான்.

அவர் மனைவியைத் தெருவில் எல்லோரும் அத்தோ அக்கா என்பார்கள். அத்தோ என்பது பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் வடசென்னைக்குக் கொண்டுவந்த பண்டம். நூடுல்ஸில் கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், வறுத்த மிளகாய்த்தூள் போட்டுக் கையால் பிசைந்து, கடைசியில் பேஜோ என்கிற மொறுமொறு தட்டையை நொறுக்கித் தூவித் தருவார்கள். ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் தினமும் மாலை அக்காவின் தள்ளுவண்டி நிற்கும். ஒற்றை ஆளாக அத்தனையும் செய்வார்.

அக்காவிடம் ஒரு சட்டம் இருந்தது. ஆயுத பூஜைக்கு வீட்டைக் கழுவும்போது ஒவ்வொரு சாமானையும் கையில் எடுத்துப் பார்ப்பார். சோறு போடுகிற சாமானுக்குச் சந்தனம், குங்குமம். மற்றது காயலான் கடைக்கு. மேல்முறையீடு கிடையாது. நைனா ஓய்வு பெற்ற வருடம் அந்தச் சட்டம் கம்ப்யூட்டர் மேல் பாய்ந்தது.

"இத்த எங்க வைக்கறது?" என்றார் அக்கா.

"கத்தி பக்கத்துல வையிமே. இத்தினி வருசம் இதான் நமக்கு சோறு போட்டுச்சு."

"போட்டுச்சு. இப்ப போடுதா?"

நைனா காதிலிருந்த குச்சியை எடுத்து மறுபடி செருகினார். அவர் வேலையிலிருந்து வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அக்கா அவரை ஒரு நிமிடம் பார்த்தார்.

"சரி. அடுத்த ஆயுத பூஜ வரிக்கும் டைம் தரேன். அதுக்குள்ள இதுக்கு இன்னா வேலன்னு காட்டு. இல்லாங்காட்டி போட்டுட்டு பேரீச்சம்பழம் வாங்கிக்கினு வந்துருவேன்."

இப்படித்தான் அந்த ஒரு வருடப் போராட்டம் ஆரம்பித்தது.

முதல் வேலை தண்ணீர். எங்கள் தெரு அடிபம்பில் விடியற்காலை கொஞ்ச நேரம்தான் தண்ணீர் ஏறும். தெருப் பெண்கள் அவரவர் போனில் அலாரம் வைத்து எழுந்துகொண்டிருந்தார்கள். நைனா வீடு வீடாகப் போய் அறிவித்தார்.

"இனிமே யாரும் அலாரம் வைக்காதீங்க. என் மிசினு கூவும், நான் வந்து கதவ தட்டுவேன்."

கூவியது, தட்டினார். தெரு நம்ப ஆரம்பித்தது. நம்பி, போனில் இருந்த அலாரத்தையெல்லாம் எடுத்துவிட்டது. அப்புறம் ஒரு காலை நான் கண் விழித்தபோது வெயில் வந்திருந்தது. கீழே காலிக் குடங்களோடு ஒரு கூட்டம்.

"இன்னா நைனா, உன் மிசினு தூங்கிச்சா, நீ தூங்கினியா?"

"உன்ன நம்பி என் புள்ள குளிக்காம இஸ்கூல் போவுது. டீச்சரு கேட்டா உன் வூட்டு அட்ரஸ் குடுக்கறேன்."

நைனா உள்ளே ஓடிப்போய்ப் பார்த்தார். மெஷினுக்குள் பேட்டரி இல்லை. "யார்மே எட்த்தது?"

"நாந்தான்," என்றார் அக்கா. "டிவி ரிமோட்டுக்கு செல்லு இல்ல. இதுல ரெண்டு சும்மாதான கீதுன்னு எட்த்துப் போட்டேன்."

அந்தக் காலத்து மெஷின்களுக்கு ஒரு குணம் உண்டு. பேட்டரியை எடுத்து வைத்துவிட்டால், பிறந்த குழந்தை மாதிரி எல்லாம் மறந்துவிடும். அலாரம் போயிற்று. தேதி போயிற்று. நைனா புது பேட்டரி போட்டதும் அது இருபது வருடத்துக்கு முந்தைய ஒரு ஜனவரியைக் காட்டியது. நைனா அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப எனக்கு முடி இருந்துச்சு ஸார்," என்றார் என்னிடம்.

மற்றவர்களாக இருந்தால் அத்தோடு விட்டிருப்பார்கள். நைனாவுக்கு அதிலும் ஒரு வழி தெரிந்தது. ரிமோட்டால்தானே பிரச்சினை? மெஷினையே ரிமோட்டாக்கிவிட்டால்? எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் யாரையோ பிடித்து, அதில் டிவி ரிமோட்டுக்கான புரோகிராம் ஒன்றை ஏற்றிக்கொண்டு வந்தார். வேலை செய்தது. தேவைக்கு மேலேயே வேலை செய்தது.

எங்கள் தெரு குறுகல். ஜன்னலிலிருந்து கை நீட்டினால் எதிர் டீக்கடையில் கிளாஸ் வாங்கலாம். டீக்கடை பாயிடம் இருந்ததும் அதே கம்பெனி டிவி. மதியம் நைனா வீட்டுக்குள் உட்கார்ந்து அக்காவுக்கு சீரியல் வைத்தால் பாய் கடையிலும் சீரியல் வந்தது. முதல் நாள் அங்கே கிரிக்கெட் கடைசி ஓவர். சுமை தூக்குகிறவர்கள், ஆட்டோக்காரர்கள், இரண்டு போலீஸ்காரர்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோது பந்து வீசப்பட்டது. பேட்ஸ்மேன் மட்டையைத் தூக்கினார். ஒரு மாமியார் மருமகளை அறைந்தாள்.

பாய் டிவியை ஒரு தட்டு தட்டினார். கிரிக்கெட் வந்தது, மேட்ச் முடிந்து கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு வாரம் இப்படியே நடந்தது. பாய் மெக்கானிக்கை அழைத்தார், கேபிள்காரரைத் திட்டினார், டிவியைத் திசை மாற்றி வைத்தார். கடைசியில் ஒரு நாள் ஜன்னல் வழியாக நைனாவின் கையில் பச்சை வெளிச்சத்தைப் பார்த்துவிட்டார்.

"நைனா, தோஸ்தாச்சேன்னு பாக்கறேன்," என்றார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு. "ஒண்ணு அத்த உள்ள வை. இல்ல, என் கடைக்கு வந்து சேனல் மாத்தற வேலைக்கு சேந்துக்க. பேஜாரு பண்ணாத."

நைனா என்னிடம் வந்தார். "பாய் வேல குடுக்கறேங்கறாரு ஸார். இத்த அக்கா ஒத்துக்கும்ங்கறீங்க?" அவர் முகத்தில் கேலி எதுவும் இல்லை.

அடுத்தது வங்கியில் வெடித்தது. அந்த மெஷினில் எழுத்துகளை அது கேட்கிற மாதிரிதான் கிறுக்க வேண்டும். ஆங்கில ஏ எழுத்துக்கு நடுக்கோடு போட்டால் அதற்குப் புரியாது. வருடக்கணக்கில் அப்படியே எழுதி நைனாவின் கையும் அப்படியே ஆகிவிட்டது. பென்ஷன் எடுக்கப் போனபோது கவுன்டரில் இருந்த பெண் படிவத்தைத் திருப்பித் தந்தார்.

"கையெழுத்து ஒத்துப்போகல. எழுத்தெல்லாம் அரைகுறையா நிக்குது."

"மிசினு இப்டி எழுதினாத்தான் ஒத்துக்கும்மா."

"பேங்க் ஒத்துக்காது சார்."

கூட வந்திருந்த அக்கா வெளியே வந்ததும் சொன்னார்: "அது சோறு போடலன்னுதான் நெனச்சினு இருந்தேன். இப்ப வர்ற சோத்தையும் தடுக்குது."

அதன் பிறகு நைனா கொஞ்சம் அடங்கிப்போனார். மெஷின் அலமாரிக்குப் போயிற்று. மாலையில் அக்கா வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பிய பிறகு அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். தெருவில் ஏதாவது கன்டெய்னர் லாரி வழி தவறி வந்து நின்றால், பெட்டியின் எண்ணை வாய்க்குள் படித்துக்கொள்வார். நான் ஒரு நாள் கேட்டேன்: "வண்டிக்கு நீங்களும் போகலாமே?"

"போனேன் ஸார் ஒருதபா. அங்க எனக்கு இன்னா வேல? அது பாட்டுக்கு பிசையுது, குடுக்குது. நடுவுல நின்னுகினு நான் இன்னா பண்றது?"

ஆயுத பூஜை வாரம் வந்தது. அக்கா எல்லாப் பாத்திரங்களையும் புளி போட்டுத் தேய்த்துக் காயவைத்துவிட்டார். பேஜோவை அவர் ஒரு பாலிதீன் கவரில் போட்டு, பித்தளைச் சொம்பின் அடியால்தான் நொறுக்குவார். அன்றைக்குச் சொம்பு வீட்டு மொட்டைமாடியில் காய்ந்துகொண்டிருந்தது. அக்கா அலமாரியில் கை விட்டுக் கிடைத்ததை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு அன்று விடுமுறை. நானும் நைனாவும் ஸ்டேஷன் பக்கம் நடந்து வந்தபோது வண்டியைச் சுற்றிக் கூட்டம். நடுவில் 'டக், டக்' என்று சத்தம். நைனாவுக்கு அந்தச் சத்தம் எதன் சத்தம் என்று முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. மூடிய உலோக மூடியோடு கம்ப்யூட்டர் பேஜோ கவரின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஏம்மே, அது கம்ப்யூட்டரு."

"தெரியும். நல்லா நொறுக்குது."

"உள்ள கண்ணாடி கீது."

"மேல தகரம் கீதுல்ல?" அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சொம்பு மாவாக்கிடும்யா. இது துண்டு துண்டா வுடுது. வாயில கடிபடும். நாலு பேரு இன்னொரு தபா கேட்டு வாங்கினு போய்ட்டாங்க."

"அத்த இப்டியா அடிப்பாங்க? குடு இங்க. மொனையில அட்ச்சா போய்டும், படுக்க வெச்சி அமுக்கணும்."

நைனா வண்டிக்கு அந்தப் பக்கம் போனார். அன்றைக்கு அவர் திரும்பி வரவில்லை. கூட்டம் கலைகிற வரைக்கும் அமுக்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை மாடிக்கு வந்தார். முகத்தில் தெளிவு இல்லை. "ஸார், நீங்க பேப்பர்காரரு. நியாயமா சொல்லுங்க. அது வேலதானா?"

"அதால வியாபாரம் நடக்குதா?"

"நடக்குது. ஆனா ஆஃப் பண்ணி வெச்சிகினு செய்யுது ஸார்."

"எங்க ஆபீஸ்ல நிறைய பேர் அப்படித்தான். மாசாமாசம் சம்பளம் வருது."

அவர் யோசித்தபடி இறங்கிப் போனார்.

பூஜையன்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். தேய்த்த சொம்பு, அரிவாள்மனை, கரண்டிகள், அடுப்பு, வெளியே வாழைக்கன்று கட்டிய தள்ளுவண்டி. அரிவாள்மனைக்கும் கரண்டிக்கும் நடுவில் கம்ப்யூட்டர். நைனா கடைசி நேரத்தில் அதன் மூடியைத் திறந்து, ஆன் செய்து வைத்திருந்தார். நொறுக்குகிற கட்டையாக இல்லாமல் கம்ப்யூட்டராகவே அது பூஜையில் இருக்கட்டும் என்று நினைத்திருக்க வேண்டும். பச்சை வெளிச்சம் கற்பூரத்துக்குப் போட்டியாக எரிந்தது.

அக்கா வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தார். கம்ப்யூட்டரிடம் வந்ததும் நின்றார். நைனாவைப் பார்த்தார். பிறகு கட்டை விரல் நிறையச் சந்தனத்தை எடுத்து, சாமானுக்கு எப்படி வைப்பாரோ அப்படியே, திரையின் மேல் அழுத்தி வைத்தார். அதன் நடுவில் குங்குமம்.

மெஷின் 'பீப்' என்றது. ஏதோ திறந்தது, ஏதோ மூடியது, மறுபடி திறந்தது. சந்தனம் திரையின் ஓரத்து இடுக்கில் இறங்கிவிட்டது. காய்ந்ததும், யாரோ அந்த இடத்தில் விடாமல் விரலை வைத்துக்கொண்டிருப்பதாக மெஷின் நம்பத் தொடங்கியது. அதற்கப்புறம் குச்சியால் எங்கே குத்தினாலும் அது கேட்கவில்லை.

"ஊசியால சுரண்டினா சரியாயிடும்," என்றேன்.

நைனா மூடியை மெதுவாகச் சாத்தினார். "வேணாம் ஸார். ஒரு வருசமாச்சு இந்தப் பொட்டு கெடைக்க."

நான் வேலை மாறி இப்போது புழல் பக்கம் வந்துவிட்டேன். எப்போதாவது ராயபுரம் போனால், சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தாலும் வண்டிக்கு முன்னால் நின்று ஒரு தட்டு அத்தோ சொல்வேன். நைனா வண்டிக்கு அந்தப் பக்கம் நிற்பார், காதில் குச்சியோடு. அக்கா யாரோ ஒரு வாடிக்கையாளரிடம் சொல்லிக்கொண்டிருப்பார்: "மிசினை வுட்டுட்டு இருக்க முடியல அந்தாளால. அதுக்கோசரம்தான் கடைக்கே வர்றாரு."

நொறுக்கின பேஜோ டப்பாவில் நிறைய இருக்கும். இருந்தாலும், "எனக்குப் புதுசா நொறுக்கிக் கொடுங்க நைனா" என்பேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு மெஷினை எடுப்பார். அவசரமில்லை, நான் காத்திருப்பேன்.