தேயிலைதான் தப்பு

எனக்கு ஐஸ் வைக்க வராது. வாழ்க்கையில் ஒரே ஒருமுறை முயன்று பார்த்தேன். அதுவும் மேடை போட்டு, மைக் பிடித்து, ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு.

இரண்டாயிரத்துப் பத்து வாக்கில், பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பு டீச்சராகச் சேர்ந்திருந்தேன். (உலகத்தைத் திருத்தத்தான் சம்பளம் தருகிறார்கள் என்று நம்பிய வயது.) பள்ளியில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர். கோட்டாற்றில் மளிகைக்கடை வைத்திருந்த தங்கையன் அண்ணாச்சி, தான் படித்த பள்ளி என்ற பாசத்தில் வாங்கித் தந்தது. மானிட்டரின் நெற்றியில் சிவப்பு பெயின்டில் 'தங்கையன் அன்பளிப்பு' என்று எழுதியிருக்கும். நெட் வேண்டுமென்றால் டேட்டா கார்டை ஒயரோடு ஜன்னல் கம்பியில் தொங்கவிட வேண்டும். காற்றடித்தால் அறிவியல் பாடம் நின்றுவிடும்.

அதில்தான் பிள்ளைகளுக்குத் தேடக் கற்றுக்கொடுத்தேன். முதலில் வருவதை அப்படியே நம்பாதே, இன்னும் இரண்டு இடத்தில் பார், முடிந்தால் கையால் செய்து பார் என்று தினமும் ஓதுவேன். மண்புழுவுக்குக் கண் உண்டா என்று தேடியவர்கள், மறுநாள் டப்பா நிறைய மண்புழுவோடு வந்து நின்றார்கள்.

ஆண்டு விழாவுக்கு அண்ணாச்சிதான் தலைமை. எனக்கோ ஒரு பிரிண்டர் மேல் கண். பிள்ளைகள் நெட்டில் தேடி எடுத்திருந்த கலப்படச் சோதனை ஒன்று கைவசம் இருந்தது: ஈரமான வெள்ளைத்தாளில் தேயிலையைத் தூவினால், சாயம் ஏற்றிய தேயிலை உடனே நிறம் விடும். அண்ணாச்சி கடைத் தேயிலையையே மேடையில் தூவி, "பாருங்கள், சுத்தமான சரக்கு!" என்று காட்டினால் மனிதர் உருகிவிடுவார். அந்தச் சூட்டோடு பிரிண்டரைக் கேட்டுவிடலாம். ஒத்திகை பார்த்தபோது தாள் வெள்ளைவெளேர் என்றே இருந்தது. (ஒத்திகைக்கு எடுத்தது, மூணாறு போன என் தம்பி வாங்கி வந்த தேயிலை. கடைச் சரக்கையே சோதித்துப் பார்க்க வேண்டும் என்கிற மூளை அன்று விடுப்பில் இருந்தது.)

விழா மேடையில் என் மாணவி அபிஷா, அண்ணாச்சி கடைப் பொட்டலத்தைப் பிரித்துத் தூவினாள். தாள் முழுக்கக் காவி படர்ந்தது.

"தாளு சரியில்ல மக்கா, விட்டிரு" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஒருக்கா பாத்துட்டு நம்பப்பிடாதுன்னு நீங்கல்லா சொன்னிய, டீச்சர்?" என்று அடுத்த தாளை நனைத்தாள். அதுவும் காவி. அதற்கடுத்ததும்.

கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "ஏலே, இதையாக்கும் நாம இத்தன நாளும் குடிச்சது?"

அண்ணாச்சி எழுந்து வந்து என் கையில் மைக்கைத் திணித்தார். "டீச்சர், சோதனை தப்புன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. இல்லைன்னா கம்ப்யூட்டர் இப்பவே என் வண்டில ஏறிரும்." ரகசியமாகத்தான் சொன்னார். மைக் ஆனில் இருந்ததால் ஊரே கேட்டது.

பிள்ளைகள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ஒரு பொய் சொன்னால் கம்ப்யூட்டர் தங்கும். ஆனால் அதற்குப் பிறகு, 'சரிபார்த்து நம்பு' என்று எந்த முகத்தோடு அதன் முன்னால் அவர்களை உட்கார வைப்பேன்? எனக்குக் கோபம் வந்தது. நிஜமான கோபம்.

"சோதனை சரிதான் அண்ணாச்சி. தேயிலைதான் தப்பு."

கம்பீரமாகச் சொன்னேன் என்று நினைத்துவிடாதீர்கள். என் குரல் கீச்சிட்டது, மைக் அதற்கு மேல் கீச்சிட்டது. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

விழா முடிவதற்குள் கம்ப்யூட்டர் அவர் வண்டியில் ஏறிப் போய்விட்டது. மவுஸை மட்டும் அபிஷா கழற்றிப் பைக்குள் ஒளித்துவிட்டாள். "இதுல அவரு பேரு எழுதல்லல்லா, டீச்சர்?" என்றாள். ஆசிரியையாக நான் கண்டித்திருக்க வேண்டும். கண்டிக்கவில்லை.

அதன்பின் சனிக்கிழமைகளில் பிள்ளைகளை வடசேரியில் ஒரு பிரௌசிங் சென்டருக்கு பஸ்ஸில் கூட்டிப் போனேன். அங்கே அவர்கள் முதலில் தேடியது, மிளகாய்த்தூள் கலப்படம்.

கல்யாணத்துக்குப் பிறகு இந்தக் கதை என் வீட்டுக்காரர் காதுக்கு எட்டியது. இன்றுவரை, மீன்குழம்பு கருகினால் "சமையல் சரிதான் ஏட்டி, மீன்தான் தப்பு" என்கிறார். மகன் கணக்கில் மார்க் குறைந்து வந்து, "நான் சரிதாம்மா, கேள்வித்தாளுதான் தப்பு" என்கிறான். சிரிக்கட்டும். அந்த மைக்கை நாளைக்கே கையில் கொடுத்தாலும் அதையேதான் சொல்வேன்.

பிரிண்டரை மட்டும் முதலில் வாங்கி வைத்துக்கொள்வேன்.